டிசைன் தப்பானால் யார் தலையில் விடியும்? ஒரு பல்லடம் ஷெட்டும் மூன்று வழிகளும்

பங்காளி முறையில் எனக்கு அண்ணன் ஒருவர், திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறார். பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே பதினோரு ஏக்கர் தோட்டம் வாங்கியிருக்கிறார். நிட்டிங், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் ஒன்றரை லட்சம் சதுர அடியில் ஒரே கூரையின் கீழ் வர வேண்டும். முன்பக்கம் மூன்று மாடிக்கு கான்கிரீட் ஆபீஸ், பின்னால் நீளமான இரும்பு ஷெட், மூலையில் சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட், அதற்கு ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு. இதுதான் திட்டம்.

மூன்று கொட்டேஷனை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "தம்பி, எது சல்லிசுன்னு நான் கேக்கல. எதுல தப்பு வந்தா நம்ம தலைல விடியாது, அதச் சொல்லு."

முதல் கொட்டேஷனில் கோவை ஆர்க்கிடெக்டும் அவரோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்டும் வரைந்து தருவார்கள், வேறொரு கான்ட்ராக்டர் ஐட்டம் ரேட்டில், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை வைத்து, கட்டுவார். இரண்டாவது டர்ன்கீ. டிசைன், கட்டுமானம் எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மொத்தத் தொகை, சாவி கையில். மூன்றாவது வேலையைப் பிரிப்பது. அஸ்திவாரமும் ஆபீஸும் நம் கன்சல்டன்ட், ஷெட்டுக்கு மட்டும் பிஇபி கம்பெனியின் (இரும்பு ஃபிரேமை ஃபேக்டரியிலேயே தயாரித்துக் கொண்டுவந்து சைட்டில் மாட்டுகிறவர்கள்) சொந்த டிசைன், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓனரே நேரடியாக அமர்த்தும் ஒரு வெளி இன்ஜினியர்.

இருபத்து சொச்சம் வருடமாக கோவையில் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். கடைசி சில வருடங்களாக அடுத்தவர் டிராயிங்கைச் சரிபார்க்கும் வேலையும் உண்டு. மூன்றாவது வழியை நான் தூக்கிப் பேசினால் அதில் என் பிழைப்பும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

வரைகிறவர் ஒருத்தர், கட்டுகிறவர் ஒருத்தர்

நம் பக்கத்து மில்கள், கல்லூரிகள், கல்யாண மண்டபங்கள் எல்லாம் பெரும்பாலும் இப்படிக் கட்டியவைதான். நல்ல வழி. ஓனர் நினைத்தது கிடைக்கும், நடுவில் ஒரு சுவரை நகர்த்தலாம், பில் ஒவ்வொரு ஐட்டமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் டிசைன் தப்பானால் முதல் அடி ஓனருக்குத்தான். கான்ட்ராக்டர் "டிராயிங்ல இருந்தபடி கட்டினனுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் சொல்வதும் சரிதான். கன்சல்டன்ட் வாக்குக் கொடுப்பது நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்வதாக மட்டும். கட்டடம் நீங்கள் நினைத்த வேலைக்குப் பொருந்தும் என்று அவர் எழுதித் தருவதில்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் பல ஒப்பந்தங்களில் அவர் பொறுப்பு வாங்கிய ஃபீஸோடு முடிந்துவிடும். ஷெட் தாமதமாகி ஒரு சீசன் ஆர்டர் கைவிட்டுப் போனால், அந்த நஷ்டத்தை யாரிடமும் கேட்டு வாங்குவது லேசல்ல. தூரத்துத் தொடர்புள்ள நஷ்டத்துக்கு ஈடு கிடையாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவே சொல்கிறது.

இந்த வழி நன்றாக ஓட ஒரு நிபந்தனை உண்டு. டெண்டருக்குப் போகும்போது டிராயிங் முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் அது நடப்பது அபூர்வம். ஜோசியர் தை மாதம் நாள் குறித்துவிடுவார், பூமி பூஜை முடிந்த மறுநாள் ஜேசிபி வந்து நிற்கும், கன்சல்டன்ட் இன்னும் மெஷின் லேஅவுட்டுக்காகக் காத்திருப்பார். இந்த அவசரம் நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. சிட்னி ஓபரா ஹவுஸை 1959-ல் தொடங்கியபோது அந்தச் சிப்பி ஓடு போன்ற கூரையை எப்படிக் கட்டுவது என்றே முடிவாகவில்லை. பின்னால் கூரை முடிவானபோது, அதற்குள் கட்டியிருந்த அடித்தளத் தூண்கள் அதைத் தாங்காது என்று தெரிந்து மறுபடி கட்டினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்ற கட்டடம் 1973-ல் திறந்தபோது 10 கோடியே 20 லட்சத்தைத் தொட்டிருந்தது. உலகப் புகழ் வந்ததால் இன்று யாரும் திட்டுவதில்லை. பனியன் ஷெட்டுக்கு அந்தப் புகழ் வராது.

எட்டு ஓட்டை

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் பெருந்துறைப் பக்கம் ஒரு ஷெட். அஸ்திவாரம் என் டிசைன், மேலே இரும்பு ஒரு பிஇபி கம்பெனி. அவர்கள் அனுப்பிய முதல் ரியாக்‌ஷன் ஷீட்டை (ஒவ்வொரு தூணும் அஸ்திவாரத்தில் இறக்கும் பாரத்தின் பட்டியல்) வைத்து நான் அஸ்திவாரம் போட்டேன். தூண் அடி பின்டு பேஸ், அதாவது அடியில் கீல் மாதிரி, வளைக்கும் விசை (மொமென்ட்) எதுவும் கீழே இறங்காது. ஒரு தூணுக்கு நாலு போல்ட். அறுபத்திரண்டு பெடஸ்டல் (தூண் உட்காரும் கான்கிரீட் பீடம்) வார்த்து, போல்ட் மரைக்கு கிரீஸ் தடவி, சாக்குத் துணி கட்டி மூடியும் வைத்துவிட்டார்கள்.

டிரெய்லரில் முதல் தூண் வந்தது. கிரேன் தூக்கி நிறுத்த, எரெக்‌ஷன் ஆள் கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். அடித்தகட்டில் எட்டு ஓட்டை.

நடந்தது இதுதான். தங்கள் பக்கம் இரும்பு எடையைக் குறைக்க அந்தக் கம்பெனி டிசைனை ஃபிக்ஸ்டு பேஸாக மாற்றிவிட்டது. தூண் அடி இறுகப் பிடித்திருந்தால் மேலே ஃபிரேம் மெலிதாகும், டன் கணக்கு இறங்கும், அவர்களுக்கு லாபம். ஆனால் அந்த வளைக்கும் விசை முழுவதும் என் அஸ்திவாரத்தில் வந்து உட்காரும், அதற்கு நான் கணக்கே போடவில்லை. திருத்திய டிராயிங்கை மெயிலில் அனுப்பியிருந்தார்கள். அது ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் இன்பாக்ஸில், ஒரு பையன் திறந்து பார்த்து, "ஷெட் டிராயிங்" என்ற ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான். என் கைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கேஸ் கட்டர் வைத்து ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே தள்ளிவிடலாம் என்றார் சைட் மேஸ்திரி. நல்லவேளை, யாரும் தலையாட்டவில்லை. பெடஸ்டல்களை உடைத்து, அடியிலுள்ள ஃபூட்டிங்கைப் பெரிதாக்கி மறுபடி வார்க்க ஏழு வாரம் ஆனது. காசு கட்டியது ஓனர். கான்ட்ராக்டர், பிஇபி, ஆர்க்கிடெக்ட், நான் என்று நாலு பேர் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருந்தது, முழுத் தப்பு யாரிடமும் இல்லை. தப்பு யாருக்கும் சொந்தமில்லாமல் போனால் பில் ஓனருக்கு வரும்.

கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் நடைபாலம் 1981 ஜூலை 17 அன்று விழுந்து 114 பேர் செத்ததும் இதே சாதியைச் சேர்ந்த தப்புதான். மேல் நடைபாலத்தையும் கீழ் நடைபாலத்தையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த டிசைனை, தயாரிப்புக்கு வசதியாக இரண்டு கம்பியாக மாற்றினார்கள். விளைவாக மேல் பாலத்தின் நட்டில் கீழ் பாலத்தின் எடையும் சேர்ந்தது, பாரம் இரட்டிப்பானது. அந்த ஷாப் டிராயிங்கில், அதாவது தயாரிப்பவர் வரைந்த படத்தில், இன்ஜினியர் சீல் இருந்தது. கணக்கு மட்டும் யாரும் போடவில்லை. முந்தைய டிசைனே விதி கேட்ட வலுவில் சுமார் 60 சதவீதம்தான் என்பது பின்னால் தெரிந்தது.

டர்ன்கீ: காகிதம் எவ்வளவு தாங்கும்?

அண்ணனுக்குப் பிடித்திருந்தது இதுதான். ஒரே கழுத்து, பிடிக்கச் சுலபம் என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஒப்பந்தம் ஒழுங்காக எழுதியிருந்தால் டர்ன்கீ எவ்வளவு தூரம் ஓனரைக் காப்பாற்றும் என்பதற்கு பிரிட்டனின் ராபின் ரிக் காற்றாலை வழக்கைச் சொல்வேன். நம் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் தரையில் நிற்கின்றன, அவை கடலில். அஸ்திவாரம் டிசைன் செய்த கான்ட்ராக்டர் சர்வதேச விதிநூல் ஒன்றை அப்படியே பின்பற்றினார். அந்த விதிநூலின் சமன்பாட்டிலேயே ஒரு தப்பு, பத்து மடங்குத் தப்பு. இணைப்புகள் வழுக்கின. சரிசெய்யும் செலவு 2 கோடியே 62 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. "விதிநூல் சொன்னதைத்தானே செய்தேன்" என்றார் கான்ட்ராக்டர். ஒப்பந்தத்தின் தொழில்நுட்பப் பகுதியில் அஸ்திவாரத்துக்கு 20 வருட ஆயுள் என்று எழுதியிருந்தது, அதனால் பொறுப்பு உன்னுடையதே என்று 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அங்கே தீர்ப்பைத் தீர்மானித்தது ஓனர் எழுதிக் கொடுத்திருந்த அந்த வரி. அண்ணன் கையில் இருந்த டர்ன்கீ ஆஃபரில் அவர் தேவை என்ன என்பது ஒன்றரைப் பக்கம்தான். நிட்டிங் மெஷின் எடை இல்லை. தரை எவ்வளவு தாங்க வேண்டும் என்று இல்லை. கூரையில் சோலார் வரும் என்பதே இல்லை, திருப்பூரில் சோலார் போடாத ஷெட் இன்று எங்கே இருக்கிறது? எழுதாத தேவைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அப்புறம் சின்ன எழுத்தில் ஒரு வரி. மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்று வைத்துக்கொண்டு இந்த விலை, மாறினால் தனி. இந்த ஒரு வரியில் மண் சம்பந்தப்பட்ட ரிஸ்க் முழுவதும் திரும்பி ஓனர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பல்லடம் வட்டாரத்தில் ஒரே பூமியில் ஒரு பக்கம் செம்மண்ணுக்குக் கீழே பாறை, மறுபக்கம் மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கிற கரிசல் என்று இருப்பது சாதாரணம்.

நிலம் விற்ற பெரியவர் அன்று சைட்டில் இருந்தார். சாய்ல் டெஸ்ட் எங்கெங்கே போட்டார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேலி ஓரம் நின்று சொன்னார்: "அந்த வேப்பமரத்துக்கு மேக்கால கெணறு இருந்துச்சுங்க. எம்பது அடி. தண்ணி வத்திப் போச்சு, எங்கய்யன் காலத்துலயே மூடிட்டோம்." லேஅவுட்டை விரித்துப் பார்த்தால் ஷெட்டின் இரண்டு தூண்கள் நேராக அந்தக் கிணற்றுக்கு மேல். மண்ணைப் பார்க்க மூன்று இடத்தில் துளை (போர்) போட்டிருந்தார்கள், மூன்றும் வேறு மூலையில். ரிப்போர்ட்டில் கிணறு என்ற சொல்லே இல்லை. கொங்கு நாட்டில் தோட்டம் என்றாலே அதற்கு ஒரு கிணறு உண்டு. நிலம் கைமாறும்போது பத்திரத்தில் எல்லை சொல்லும், தூர்த்த கிணற்றைச் சொல்லாது. எந்த டர்ன்கீ கம்பெனியும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் உட்கார்ந்து டீ குடித்து இதைக் கேட்காது. ஓனர்தான் கேட்க முடியும்.

விலையில் இன்னொரு மறைவு உண்டு. ஷெட் கொட்டேஷன்களை ஓனர்கள் டன்னை வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒருத்தர் குறைந்த டன் சொன்னால் கெட்டிக்காரர் என்று நினைப்பு. டிசைன் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். ஒருவர் இந்திய விதிப்படி கூரை லைவ் லோடு (ரிப்பேருக்கு ஏறும் ஆட்கள் போல வந்து போகும் எடை) சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் எடுத்திருப்பார், இன்னொருவர் அமெரிக்க வழக்கப்படி 0.57. வித்தியாசம் சுமார் 18 கிலோ. இரண்டும் ஒரே பொருளின் விலை அல்ல. சோலார் பேனல் எடை இதில் எதிலும் சேராது, அது நிரந்தர எடை, தனியாக எழுதி வாங்க வேண்டும்.

காற்றும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்கிறோம், ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்கு வெறும் பழமொழி இல்லை. காற்றுக்கான இந்திய விதிநூல், ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, கோவைக்குக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர் என்று வைக்கிறது. சைட்டுக்கான திருத்தம் எதுவும் சேர்க்காமல் அது சதுர மீட்டருக்கு சுமார் 93 கிலோ அழுத்தம். அதற்கு மேல், கதவு திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளும். சுவரில் திறப்பு 5 சதவீதத்துக்குள் என்றால் உள் அழுத்தக் குணகம் (அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு உள்ளிருந்து தள்ளும் என்பது) 0.2, 20 சதவீதத்தைத் தாண்டினால் 0.7. மூடிய ஷெட் என்று டிசைன் செய்துவிட்டு, ஓனர் புழுக்கம் தாங்காமல் மேற்குப் பக்கத் தகட்டைக் கழற்றினால் கூரையைத் தூக்கும் விசை சதுர மீட்டருக்கு இன்னும் சுமார் 46 கிலோ கூடும். கூரைத் தகடும் அதைத் தாங்கும் பர்லின் சட்டமும் சேர்ந்தே பத்துப் பதினைந்து கிலோதான். பறக்குமா பறக்காதா?

இன்னொன்று, டர்ன்கீ கம்பெனியின் கழுத்து எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும். ஐம்பது கோடி வேலைக்குப் பொறுப்பேற்கும் கம்பெனியின் சொந்த முதல் ஒரு லட்சமாக இருந்தால் ஒப்பந்தம் பிரேம் போட்டு மாட்டத்தான் உதவும். வங்கி கேரண்டி, டிசைனுக்கான தொழில்முறை இன்ஷூரன்ஸ், அந்த இன்ஷூரன்ஸ் கட்டடம் முடிந்த பிறகும் சில வருடம் தொடருமா என்பது, இதெல்லாம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் டர்ன்கீயை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கழிவுநீர் சுத்திகரிப்பு. அதில் தொட்டியின் அளவை நாம் சொல்லக் கூடாது. என்ன தண்ணீர் உள்ளே போகும், என்ன தண்ணீர் வெளியே வர வேண்டும் என்று மட்டும் எழுதி, அதை ஓட்டிக் காட்டினால்தான் கடைசிப் பணம் என்று வைக்க வேண்டும். அதிலும் ஒன்றை மறக்க வேண்டாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பிளான்ட் போட்டுக் கொடுத்தவர் வாசலில் யாரும் பூட்டுப் போடவில்லை. பணத்தை அவரிடம் திரும்ப வாங்கலாம், பூட்டு நம் கேட்டில்தான்.

பிரித்துக் கொடுத்து, வெளியாள் வைத்துப் பார்ப்பது

இந்த வழியின் பலவீனம் மேலே சொன்ன எட்டு ஓட்டைக் கதையேதான். பிரித்தால் தையல் வரும், தையல் இருக்கும் இடத்தில்தான் பிரியும். ஆனால் தையல் எங்கே என்று முன்கூட்டியே தெரிகிறது, அங்கே ஒரு ஆளை நிறுத்தலாம். பிஇபி கம்பெனியின் இறுதி ரியாக்‌ஷன் ஷீட்டில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்வரை ஒரு போல்ட்கூட வார்க்கக் கூடாது என்று இரண்டு ஒப்பந்தத்திலும் ஒரே வாசகத்தில் எழுதினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. அஸ்திவாரம் நாலு வாரம் தள்ளிப் போகும். போகட்டும்.

சரிபார்க்கிற ஆள் என்றதும் சிலர் ஒரு சீலோடு திருப்திப்படுகிறார்கள். மியாமியில் ஒரு பல்கலைக்கழக நடைபாலம் 2018 மார்ச் 15 அன்று விழுந்து 6 பேர் இறந்தார்கள். அதற்கும் வெளியாள் சரிபார்ப்பு இருந்தது. சரிபார்த்தவரை அமர்த்தியது டிசைன் செய்த கம்பெனியே. முடிந்த பாலம் நிற்குமா என்று பார்த்தார்கள், கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிலையிலும் நிற்குமா என்று பார்க்கவில்லை. அது விழுந்ததோ கட்டும்போது. அதனால் மூன்று விஷயத்தில் நான் பிடிவாதம். ஃபீஸ் ஓனர் கையிலிருந்து நேராக வர வேண்டும். டிசைனரின் கம்ப்யூட்டர் மாடலை வாங்கித் திறந்து பார்ப்பது சரிபார்ப்பு அல்ல, தனியாக ஒரு மாடல் போட வேண்டும். எரெக்‌ஷன் வரிசையும் அவர் பார்வைக்கு வர வேண்டும். பர்லினும் குறுக்குப் பிரேஸிங்கும் இல்லாமல் தனித்து நிற்கும் ஃபிரேம்கள் ஆடி மாதத்தில் என்ன ஆகும் என்று யாராவது ஒருவர் கணக்குப் போட வேண்டும்.

செலவு? என் அனுபவத்தில் மொத்தக் கட்டடச் செலவில் ஒரு சதவீதத்தைத் தொட்டதில்லை.

ஆபீஸ் கட்டடத்துக்கும் இந்தக் கண் வேண்டும். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே சுவர் அடைத்த மூன்று மாடி என்று ஆர்க்கிடெக்ட் காட்டிய படம் அழகாக இருக்கிறது. நிலம் ஆடினால் முதலில் அடி வாங்குவது அந்த வெறும் தூண்கள்தான். "நம்மூர்ல ஏதுங்க நிலநடுக்கம்" என்பார்கள். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையைச் சுற்றி ஆட்டியது சுமார் 6 அளவு. நிலநடுக்கத்துக்கான 2016 இந்திய விதிநூல் கோவையை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான ஆபத்துள்ள மண்டலத்தில்தான் வைத்திருக்கிறது.

பிஎம்சி, அதாவது வேலையை மேற்பார்க்கும் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி, வைத்தால் போதாதா என்றும் அண்ணன் கேட்டார். தேதி, பில், தரம் பார்க்க நல்லது. டிராயிங்கில் கணக்கு சரியா என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை.

கடைசியில்

வாடகைக்கு விட ஒரே மாதிரி நாலு குடோன் என்றால் டர்ன்கீக்கே போகச் சொல்லியிருப்பேன். ஏற்கெனவே பத்து முறை கட்டிய கட்டடத்தில் டிசைன் ரிஸ்க் கொஞ்சம்தான். கல்லூரியோ ஆஸ்பத்திரியோ என்றால், ஒரு வருடம் டிராயிங்குக்கே கொடுக்கப் பொறுமை இருந்தால், முதல் வழி. அண்ணனுக்கு மெஷின் லிஸ்ட் பாதி மாறும், மண் ஒரே மாதிரி இல்லை, அடுத்த வருடம் ஷிப்மென்ட் தேதி இருக்கிறது. மூன்றாவது வழி, அதோடு கழிவுநீர் பிளான்ட் மட்டும் தனி டர்ன்கீ என்று சொன்னேன்.

ஒத்துக்கொண்டார், பாதி மனதோடு. "அப்ப தை பத்தாம் தேதி பூஜை?" என்றார். பூஜை செய்யுங்கள், ஈசானிய மூலையில் ஒரு குழி தோண்டி ஒரு செங்கல் வையுங்கள், ஜேசிபியை மட்டும் கூப்பிடாதீர்கள் என்றேன். சரிபார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்ளவில்லை, சொந்தத்துக்குள் அது சரிவராது, ஈரோட்டில் ஒருவரைக் கைகாட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை போர் வண்டி வருகிறது. இந்த முறை பன்னிரண்டு இடம், முதல் போர் வேப்பமரத்துக்கு மேற்கே. பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறோம்.